ஊடல் முந்திய காதல்: ‘மிஸ்ஸியம்மா’, ‘மிஸ் மேரி’ படங்களின் நிறையும் குறையும்

திரைப்படத்தை ஆராய்வது தமிழ்த் துறையின் வேலை அன்று என்பார் சிலர். இயல், இசை, நாடகம் என மூன்றாகத் தமிழை வகுத்த மரபில் வந்தோர்க்கு அக்கூற்று பொருந்துவதன்று. அகப்பொருளைக் கூறுமிடத்தும் நாடக வழக்கை உலகியல் வழக்கொடு சேர்த்தே எண்ணியவர் தொல்காப்பியர். நாடகத்தின் வழித்தோன்றலாகிய திரைப்படத்தை அவர் வகுத்த அளவுகோல்களைக் கொண்டு அளந்து பார்ப்பது தகுதியுடைய முயற்சியே ஆகும். அம்முயற்சியால் படத்தின் தன்மை விளங்குவதோடு அளவுகோலின் தன்மையும் விளங்கும்.

மதுரையில் யாம் நடத்திய முதுகலை வகுப்பொன்றில் மெய்ப்பாட்டியலின் நகைப் பகுதியைப் பாடம் கூறியபோது, எடுத்துக்காட்டாக ‘மிஸ்ஸியம்மா’ என்னும் படத்தைக் குறிப்பிட்டோம். மாணவர் பலரும் அப்படத்தை அறிந்திருந்தனர். பாடம் முடிந்தபின் ஒரு மாணவி எழுந்து, “மேரி இறுதிவரை மேரியாகவே இருந்திருந்தால் அந்தத் திருமணம் நடந்திருக்குமா?” என்று வினவினார். அவ்வினாவிற்கு அன்று யாம் கூறிய விடை எமக்கே நிறைவு தரவில்லை. படம் நகைச்சுவைப் படம். அதனிடம் இத்துணை பெரிய வினாவை எழுப்பலாகாது என்று கூறி நழுவினோம். நகைச்சுவை ஆயினும் வினா வினாவே என்பதைப் பின்னர் உணர்ந்தோம். இக்கட்டுரை அவ்விடையைத் திருத்திக் கூறும் முயற்சியாகும்.

கதையும் வடிவங்களும்

‘மிஸ்ஸியம்மா’ 1955-ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 14-ஆம் நாள், பொங்கல் வெளியீடாக வந்த படம். நாகி ரெட்டி, சக்கரபாணி ஆகிய இருவரும் நடத்திய விஜயா நிறுவனம் இதனைத் தமிழிலும் தெலுங்கிலும் ஒருங்கே எடுத்தது. இயக்கியவர் எல். வி. பிரசாத். தமிழ் வடிவத்திற்கு உரையாடலும் பாடல்களும் எழுதியவர் தஞ்சை இராமையாதாஸ், இசையமைத்தவர் எஸ். இராஜேசுவரராவ். இரண்டு ஆண்டுகள் கழித்து, 1957-இல், ஏவி. எம். நிறுவனம் இதே கதையை ‘மிஸ் மேரி’ என்னும் பெயரில் இந்தியில் எடுத்தது. அதனையும் எல். வி. பிரசாத்தே இயக்கினார், இசை ஹேமந்த குமார்.

கதையின் வேர் வங்கத்தில் உள்ளது. இரவீந்திரநாத் மைத்ரா எழுதிய ‘மன்மயி பெண்கள் பள்ளி’ என்னும் மேடை நாடகம் 1935-இல் வங்க மொழியில் படமாயிற்று. மணமாகாத இருவர் ஆசிரியர் வேலைக்காகக் கணவன் மனைவியராக நடிக்கும் கரு அதனின்று வந்ததே. இங்ஙனம் வங்கத்தில் முளைத்துச் சென்னையில் வளர்ந்து பம்பாயின் மொழியில் மறுபடியும் பூத்த கதை இது. இந்திப் படவுலகின் நகைச்சுவைக் காதற் படங்களைத் தனித்த ஒரு மரபாகக் கருதுவோர், அம்மரபிற்குத் தமிழ்நாட்டுப் படக்கூடங்கள் அளித்த பங்கையும் உடன் எண்ணுதல் வேண்டும்.

கதைச் சுருக்கம் வருமாறு. ஜமீன்தார் ஒருவர் காணாமற்போன தம் மூத்த மகள் மகாலட்சுமியின் பெயரால் ஒரு பள்ளி நடத்துகின்றார். அப்பள்ளிக்குப் பட்டம் பெற்ற கணவனும் மனைவியுமாக இருவர் ஆசிரியராக வேண்டும் என்று விளம்பரம் செய்கின்றார். வேலையின்றி வாடும் பாலு என்னும் இந்து இளைஞனும் மேரி என்னும் கிறித்தவ நங்கையும் தம்பதியராக நடித்து அவ்வேலையைப் பெறுகின்றனர். மேரியின் குடும்பம் டேவிட் என்பானிடம் கடன்பட்டது. அவன் மேரியை மணக்க விரும்பி நெருக்குகின்றான். அந்நெருக்கமே அவளை இந்நடிப்பிற்கு உடன்படச் செய்கின்றது. ஜமீன்தாரின் இளைய மகள் சீதா பாலுவிடம் இசை பயில்கின்றாள். அது கண்டு மேரி உள்ளம் புழுங்குகின்றாள். சீதாவை விரும்பும் உறவினனாகிய துப்பறியும் இளைஞனும் புழுங்குகின்றான். இறுதியில், காணாமற்போன மகாலட்சுமியே மேரி என்பது வெளிப்படுகின்றது. இணைகள் இரண்டும் கூடுகின்றன.

தமிழில் பாலுவாக ஜெமினி கணேசனும், மேரியாகச் சாவித்திரியும், துப்பறிவோனாகத் தங்கவேலுவும், ஜமீன்தாராக ரங்காராவும், டேவிடாக நம்பியாரும் நடித்தனர். இந்தியில் மேரியாக மீனாகுமாரியும் துப்பறிவோனாகக் கிஷோர் குமாரும் நடித்தனர். நாயகனாக ஜெமினி கணேசனே சென்றார். சீதாவாக நடித்த ஜமுனா, தெலுங்கு, தமிழ், இந்தி ஆகிய மூன்று வடிவங்களிலும் அவ்வேடத்தையே ஏற்றார்.

நகையின் நான்கு நிலைக்களன்கள்

மெய்ப்பாடு எட்டனுள் நகையை முதலில் வைத்தவர் தொல்காப்பியர். எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்னும் நான்கும் அதன் நிலைக்களன்கள். இந்நான்கும் தன்னிடத்துத் தோன்றினும் பிறனிடத்துத் தோன்றினும் நகை விளையும் என உரையாசிரியர் விளக்குவர். இப்படத்தின் நகைப்பகுதியை இவ்வகையான் பகுத்துக் காண்பின், நான்கும் நான்கு இடங்களில் தனித்தனியே அமைந்திருத்தல் புலனாகும்.

பேதைமை என்பது கேட்டதனை ஆராயாது மெய்யெனக் கொள்ளுதல் என்பர். அது ஜமீன்தாரிடத்தும் அவர் மனைவியிடத்தும் உள்ளது. வந்தவர் கணவனும் மனைவியுமே என்பதை அவர்கள் ஐயுறுவதே இல்லை. இளந்தம்பதியரின் பிணக்கைக் கண்டு அவர்கள் இரங்குவதும் அறிவுரை கூறுவதும் காண்போரை நகைக்கச் செய்யும். ஆயின் அந்நகையில் இகழ்ச்சி இல்லை. நம்புகின்றவர்களின் நன்மை அவர்தம் பேதைமையைக் காட்டிலும் பெரிதாகத் தோன்றுமாறு ரங்காராவ் நடித்துள்ளார்.

மடன் என்பது ஒருவர் கொளுத்தக் கொண்டு, கொண்டதை விடாமை. துப்பறிவோனிடம் உள்ளது இதுவே. தான் பெரிய துப்பறிவோன் என்னும் ஒரு கருத்தைக் கைக்கொண்ட அவன், எது நேரினும் அதனை விடுவதில்லை. அவன் தேடுகின்ற பெண் அவன் கண்முன்னே, அதே வீட்டிலே உலவுகின்றாள். தேடுபவன் கண்ணுக்கு அருகிலுள்ளது புலப்படாமையே இங்கு நகை. அன்றியும், ஈற்றில் உண்மையைக் கண்டுபிடிப்பவனும் அவனே ஆதலின், அவன் மடமைக்கும் ஒரு பயன் கிடைத்துவிடுகின்றது.

எள்ளல் பாலுவின் கருவி. மேரியின் சினத்திற்கு அவன் சினத்தால் விடை கூறுவதில்லை. பிறர் முன்னிலையில் பொறுமைமிக்க கணவனாக நடித்துக்கொண்டே அவளை எள்ளுகின்றான். நிலவை நோக்கி இருவரும் பாடும் பாடற்காட்சி இதற்குத் தக்க சான்று. ஒருவர்மேல் ஒருவர் கூறும் குறையை நேரே கூறாது நிலவினிடம் முறையிடுவதாக அக்காட்சி அமைந்துள்ளது. கேட்போர் அதனைக் கணவன் மனைவியர் ஊடலாகக் கொள்வர். பாடுவோர்க்கு அது உண்மைப் பிணக்கு. காண்போர்க்கோ உண்மைப் பிணக்கினுள் அரும்பும் உண்மைக் காதல். கேட்போர், பாடுவோர், காண்போர் என மூவர்க்கும் ஒரே சொல் வெவ்வேறு பொருள் தருமாறு அமைத்த இக்காட்சி படத்தின் உச்சி என்பது எம் துணிபு. பழம் பாடல்களில் தலைவி திங்களையும் கடலையும் விளித்துத் தன் உள்ளம் உரைத்தலைக் கற்றோர்க்கு இவ்வமைப்பு புதியதாகத் தோன்றாது.

இளமை மேரியிடத்து உள்ளது. ஈண்டு இளமை என்றது ஆண்டின் குறைவையன்று. தன் நெஞ்சைத் தானே அறியாத நிலையை. இதனை விரித்துக் காணல் வேண்டும். படத்தின் தலையாய சிறப்பு இதனிடத்தே பொதிந்துள்ளது.

ஊடலின் முறைவைப்பு

அகத்திணை வாழ்வில் நிகழ்ச்சிகட்கு ஒரு முறை உண்டு. காட்சி, வேட்கை, களவுக் கூட்டம், வரைவு, கற்பு, கற்பினுள் ஊடல் என்பது அம்முறை. ஊடல் மருதத்திற்கு உரியது. பெரும்பாலும் கற்பு வாழ்வில் நிகழ்வது. ஊடுதற்கு உரிமை வேண்டும். உரிமை இல்லாதவள் ஊடினால் அது வெறும் சினமாகவே முடியும்.

‘மிஸ்ஸியம்மா’ இம்முறையைத் தலைகீழாக்குகின்றது. ஈண்டு முதலில் வருவது கற்பு. அதுவும் பொய்யான, வேடமாகக் கொண்ட கற்பு. அதன்பின் வருவது ஊடல். ஊடலின் வழியாகவே வேட்கை தன்னை வெளிப்படுத்திக்கொள்கின்றது. சீதாவிற்குப் பாலு இசை கற்பிப்பதைக் கண்டு மேரி பொறாமை கொள்ளும்போது, அவளுக்கு அப்பொறாமைக்குரிய உரிமை எதுவும் இல்லை. பாலு அவள் கணவன் அல்லன், காதலனும் அல்லன். தன்னை நெருங்கலாகாது என்று விலக்கி வைத்தவளும் அவளே. மனைவி அல்லாதவள் மனைவிக்குரிய ஊடலைக் கொள்கின்றாள். ‘எனக்கு ஏன் சினம் வருகின்றது?’ என்று அவள் தன்னை வினவிக்கொள்ள நேர்கின்றது. அவ்வினாவிற்கு விடை ஒன்றே. அங்ஙனம் ஊடலே அவளுக்குக் காதலை அறிவிக்கும் தோழியாகின்றது.

முக்கோணக் காதற்கதை எனப்படுவனவற்றுள் மூன்றாமவர் உண்மையாகவே இருத்தல் வழக்கம். ஒருவர் வெல்வார், ஒருவர் இழப்பார். இழப்பவரை என் செய்வது என்பதே அக்கதைகளின் இடர்ப்பாடு. ஸ்ரீதரின் ‘கல்யாணப் பரிசு’ (1959) அவ்விடர்ப்பாட்டை அழுகையாக்கிற்று. ‘மிஸ்ஸியம்மா’வில் முக்கோணங்கள் இரண்டு உள. மேரி, பாலு, சீதா என்பது ஒன்று. துப்பறிவோன், சீதா, பாலு என்பது மற்றொன்று. இரண்டிற்கும் பொதுவான பக்கம் பாலுவிற்கும் சீதாவிற்கும் இடையே உள்ளதாகக் கருதப்படும் காதல். அப்பக்கமோ உண்மையில் இல்லை. இல்லாத ஒரு கோட்டின்மேல் இரு முக்கோணங்களை வரைந்திருக்கின்றார் கதையமைத்தோர். ஆதலின் எவரும் எதனையும் இழக்கவேண்டுவதில்லை. ஐயம் ஒன்றே நீங்கவேண்டும். நகை நகையாகவே நின்று முடிவதற்கு இவ்வமைப்பே காரணம்.

இத்திறம் நம் இலக்கியத்திற்குப் புதிதன்று. திருவள்ளுவர் காமத்துப்பாலில் புலவி நுணுக்கம் என ஓர் அதிகாரமே அமைத்துள்ளார். தலைவன் தும்முகின்றான், வாழ்த்திய தலைவி, யார் நினைத்ததால் தும்மினீர் என்று அழுகின்றாள். அஞ்சி அவன் தும்மலை அடக்கினால், நினைப்பவரை எம்மிடம் மறைக்கின்றீரோ என்று மறுபடியும் அழுகின்றாள். அங்கு மூன்றாமவள் எங்கும் இல்லை; தும்மலிலிருந்து தலைவியின் உள்ளம் அவளைப் படைத்துக்கொள்கின்றது. மேரியின் பொறாமையும் அத்தன்மையதே. இசைப் பயிற்சி என்னும் சிறு நிகழ்ச்சியிலிருந்து அவள் ஒரு பகைத்தியைப் படைத்துக்கொள்கின்றாள்.

மூன்றாமவள் உண்மையாகவே உள்ள இடத்தும் நகை விளைதல் உண்டு. அதற்குச் சான்று எம் வையைக் கரையிலேயே உளது. பரிபாடலின் இருபதாம் பாடலில், தலைவி இழந்த அணிகளை வையைப் புனலாட வந்த பரத்தை ஒருத்தி அணிந்திருத்தலை ஆயத்தார் கண்டுகொள்கின்றனர். அவள் கூட்டத்துள் மறைய, இவர்கள் தொடர, சொற்போர் மூள, கண்டோர் இடைபுகுந்து அமைதி கூறுகின்றனர். காட்சி நகைக்கு உரியது. ஆயினும் தலைவியின் துன்பம் உண்மையானது. அதனால் அந்நகையின் அடியில் ஒரு கசப்பு தங்குகின்றது.

ஐயம் மட்டுமே மூன்றாமவராக நின்றும் அழிவு நேர்ந்ததைச் சிலப்பதிகாரத்தின் கானல்வரி காட்டும். கோவலன் வேறொருத்தியைக் குறித்துப் பாடுவான்போலப் பாடினான். மாதவியும் வேறொருவனைக் குறித்தாள்போலப் பாடினாள். இருவர் பாடலிலும் இருந்த மூன்றாமவர் கற்பனையே. ஆயினும் அவன் பிரிந்தான். அப்பிரிவின் முடிவு மதுரையில் நேர்ந்தது. ஒரே முடிச்சு குறளில் நகையும் சிலம்பில் அழுகையும் ஆயிற்று. வேறுபாடு எங்குள்ளது எனின், ஊடியவரை உணர்த்தற்கு இடம் இருந்ததா என்பதில் உள்ளது. கோவலன் உணர்த்த நில்லாது எழுந்துபோயினான். பாலு எழுந்துபோகவில்லை, வேலையின் பொருட்டும் வேடத்தின் பொருட்டும் இருவரும் ஒரே கூரையின்கீழ் இருந்தே தீரவேண்டும். வறுமை கட்டிய கட்டு ஊடலைத் தணிக்கும் காலத்தை அவர்கட்கு அளித்தது. வேலையில்லாத் திண்டாட்டத்தைக் கதையின் தொடக்கத்திற்கு மட்டும் பயன்படுத்தாமல், காதலின் நிலைக்களனாகவும் ஆக்கியது இப்படத்தின் பெருஞ்சிறப்பு.

இரு மேரியர்

தமிழ் வடிவத்தையும் இந்தி வடிவத்தையும் ஒப்பிடின், ஊடலின் தன்மை நடிப்பால் எங்ஙனம் வேறுபடும் என்பது விளங்கும். சாவித்திரியின் மேரி கடுகடுத்த முகத்தினள்; எனினும் அக்கடுமையின் அடியில் நகை ஒளிந்துள்ளது. அவள் சினக்குந்தோறும் காண்போர் மகிழ்கின்றனர். மீனாகுமாரியின் சினத்தின் அடியில் துயர் ஒளிந்துள்ளது. அழுகைப் படங்களில் புகழ்பெற்ற அவருடைய குரலின் இயல்பு அது. அதனால் இந்தி மேரியிடம் இரக்கம் மிகுகின்றது. ஊடலின் கூர்மை குறைகின்றது. நகையின் சுமையைக் கிஷோர் குமார் ஏற்கின்றார். அவர் பாட்டும் ஆட்டமும் குறும்பும் வல்லவர். ஆயின் அவ்வன்மையே படத்தின் நடுவிடத்தைத் துப்பறிவோன்பால் இழுத்துவிடுகின்றது. தங்கவேலுவின் நகை சொல்லில் உள்ளது. தயங்கியும் இழுத்தும் அவர் பேசும் உரையாடல் முதன்மைக் கதைக்கு இடையூறு செய்வதில்லை. முழுமை நோக்கித் தமிழ் வடிவமே சிறந்தது என்று கருதுகின்றோம். ‘பிருந்தாவன’ப் பாடலின் மெட்டு தமிழிலிருந்து இந்திக்கும் சென்று அங்கும் புகழ்பெற்றமை, இரண்டையும் இணைக்கும் இழையாக அமைந்தது.

குறைகள்

இனிக் குறைகளைக் காண்போம். முதற்குறை சீதா. இரு முக்கோணங்கட்கும் பொதுவாக நிற்கும் அவளுக்கு உள்ளம் என ஒன்று இருப்பதாகவே கதையமைத்தோர் எண்ணவில்லை. அவள் பாடுகின்றாள், பயில்கின்றாள், ஈற்றில் ஒருவனுக்கு உரியவளாகின்றாள். பாலுவின்பால் அவளுக்குச் சிறிதேனும் விருப்பம் அரும்பிற்றா என்பதனைப் படம் கேட்கவும் இல்லை, விலக்கவும் இல்லை. ஜமுனாவின் துடுக்கான நடிப்பு இவ்வெறுமையை ஒருவாறு மறைக்கின்றது. எனினும் மறைத்தல் நிரப்புதல் ஆகாது.

இரண்டாவது குறை டேவிட். கடனை வலையாக விரித்து ஒரு பெண்ணை அடைய முயல்பவன் அவன். அவன் விருப்பத்தைக் கைக்கிளை எனலும் பொருந்தாது. பொருந்தாக் காமமாகிய பெருந்திணையின்பாற் படும். மேரியின் சமயத்தைச் சார்ந்த இளைஞன் எனக் கதையில் நிற்பவன் இவன் ஒருவனே. அவனைத் தகாதவனாக ஆக்கிவிட்டதால், தன் சமயத்தானை மணப்பதா, தான் விரும்பியவனை மணப்பதா என்னும் தேர்வு மேரிக்கு நேரவே இல்லை. துலாக்கோலின் ஒரு தட்டில் கல்லே வைக்கப்படவில்லை. மேரியை வளர்த்த தந்தையை அன்புடையவராகப் படைத்தமை இக்குறைக்கு ஓரளவு ஈடாகும்.

மூன்றாவது குறையே பெரிது. மேரியே மகாலட்சுமி என்னும் வெளிப்பாடு அது. காணாமற்போன குழந்தை அடையாளத்தால் அறியப்படுதல் உலக நகைநாடகங்களின் மிகப் பழைய உத்தி. கிரேக்க நாட்டு மெனாந்தர் வழிவந்த உரோம நாடகாசிரியர் தெரன்சு கி.மு. 166-இல் அரங்கேற்றிய ‘அந்திரியா’ என்னும் நாடகம் இதற்கு நல்ல ஒப்பு. ஆதென்சு நகரத்து இளைஞன் ஒருவன் அந்திரோசுத் தீவிலிருந்து வந்த பெண்ணை விரும்புகின்றான். அவள் அயலாள் ஆதலின் மணம் தடைப்படுகின்றது. ஈற்றில் அவள் ஆதென்சுக் குடிமகன் ஒருவன் மகளே எனத் தெரிகின்றது, தடை நீங்குகின்றது. ‘மிஸ்ஸியம்மா’வின் முடிவு இதுவேயன்றோ?

ஆயின் ஒரு வேறுபாடு உண்டு. பழைய ஆதென்சில் குடிமகன் அயலாளை மணத்தலைச் சட்டமே தடுத்தது. நாடகாசிரியர்க்கு அவ்வுத்தியை விட்டால் வேறு வழி இல்லை. இந்தியாவில் நிலைமை அதுவன்று. 1872-ஆம் ஆண்டுக் கிறித்தவ மணச் சட்டம், மணப்போருள் ஒருவர் மட்டும் கிறித்தவராயினும் இடம் தந்தது. அதே ஆண்டுச் சிறப்பு மணச் சட்டம், மணப்போர் தத்தம் சமயத்தைச் சாராதவர் என்று அறிவிக்குமாறு கேட்டது. 1954-ஆம் ஆண்டுச் சிறப்பு மணச் சட்டமோ, இருவரும் தத்தம் சமயத்தில் நின்றவாறே பதிவுமுறையில் மணந்துகொள்ள வழி திறந்தது. அச்சட்டம் நடைமுறைக்கு வந்த நாள் 1955 சனவரி 1. அதற்குப் பதின்மூன்று நாள் கழித்து ‘மிஸ்ஸியம்மா’ வெளிவந்தது. படம் அதற்கு முன்னரே எழுதி எடுக்கப்பட்டதாகலின் சட்டத்தைக் கொண்டு படைப்போரைக் குறைகூறுதல் முறையன்று. சுட்ட விழைவது இதுவே: கதவு அடைபட்டிருந்த காலத்து நாடகம் கண்ட உத்தியை, கதவு திறந்த காலத்துப் படம் மேற்கொண்டது. முன்னதில் அது தேவை. பின்னதில் அது தெரிவு.

அத்தெரிவால் படம் இழந்தது என்ன? சமயப் பிணக்கை அது தீர்க்கவில்லை. பிணக்கே இல்லை என்று கூறிவிட்டது. மேரி பிறப்பால் இந்து என்றவுடன், அவள் தன் நம்பிக்கையைக் காக்கப் பட்ட பாடெல்லாம் அறியாமையாகச் சுருங்குகின்றது. ஜமீன் வீட்டுச் சடங்குகளில் கலக்க நேருந்தோறும் அவள் கொண்ட சினம், வேடத்தினுள்ளும் தன் மெய்ம்மையைக் காத்துக்கொள்ளும் ஒருத்தியின் சினம். அவளுடைய வழிபாட்டைப் படம் எள்ளாது மதிப்போடு காட்டியிருந்தது. அம்மதிப்பைப் படத்தின் முடிவே திரும்பப் பெற்றுக்கொள்கின்றது.

இதனினும் பெரிய இழப்பு வேறொன்று உண்டு. ஜமீன்தாரும் அவர் மனைவியும் மேரியை மகளாகப் பேணியது, அவள் மகள் என்று அறிவதற்கு முன். யாரோ ஒருத்தியை மகளாகக் கொண்ட அன்பு அது. படத்தின் நன்மை அனைத்தும் அவ்வன்பில் திரண்டிருந்தது. உறவு வெளிப்பட்டபின், அவ்வன்பு குருதியின் ஈர்ப்பாக விளக்கம் பெறுகின்றது. அயலாளிடத்துச் செலுத்திய அன்பு அரியது. பெற்ற மகளிடத்துச் செலுத்திய அன்பு இயல்பானது. படம் அரியதை இயல்பாக்கிவிட்டது. பிறர் குழந்தையை எடுத்து வளர்த்த மேரியின் தந்தை இதே படத்தில் நிற்பதால், இம்மாற்றம் பின்னும் உறுத்துகின்றது.

நகைச்சுவைக்கு இன்ப முடிவு வேண்டும். இவ்வுத்தி அதனை எளிதில் தந்தது. இத்துணை ஆராய்ச்சி எதற்கு என்று வினவலாம். இன்ப முடிவு வேண்டும் என்பதில் எமக்கு மறுப்பில்லை. ஆயின் அவ்வின்பம் படத்தினுள்ளேயே முன்னரே விளைந்திருந்தது. ஊடல் காதலை அறிவித்துவிட்டது. பெரியோரின் அன்பு அவளை ஏற்றுவிட்டது. பொய்யை அறிந்தபின்னும் அவர்கள் மன்னித்து, மேரியை மேரியாகவே வாழ்த்தியிருப்பின், முடிவு இன்பமாகவே இருந்திருக்கும். படமும் தான் எழுப்பிய வினாவிற்குத் தானே விடை கூறியிருக்கும்.

மதுரைச் சமவெளியில் இவ்வினா

இவ்வினா எம் வட்டாரத்தார்க்கு அயலானதன்று. 1606-இல் மதுரைக்கு வந்த இராபர்ட் தெ நோபிலி துறவியின் கோலம் பூண்டு தமிழ் கற்றுச் சமயம் உரைத்தார். குடுமி, பூணூல், சந்தனம் ஆகியவை சமயச் சின்னங்களா, நாட்டு வழக்கங்களா என்னும் வழக்கு உரோமாபுரிவரை சென்றது. 1623-இல் திருத்தந்தை பதினைந்தாம் கிரகோரி அவற்றிற்கு இசைவு அளித்தார். புறக்கோலம் அகநம்பிக்கையைத் தீண்டுமா என்று மேரி ஜமீன் வீட்டில் உழன்ற உழலலும் அவ்வழக்கின் மறுவடிவமே எனலாம். 1834-இல் அமெரிக்கப் பணியாளர் மதுரையில் பணி தொடங்கினர். பசுமலையும் அமெரிக்கன் கல்லூரியும், 1948-இல் தோன்றிய டோக் பெருமாட்டி கல்லூரியும் அப்பணியின் கிளைகள். அத்தகைய நிறுவனங்களில் பயின்ற பெண்கள் ஆசிரியராகச் சமவெளி ஊர்களுக்குச் சென்றனர். ‘மிஸ்ஸியம்மா’ என்னும் அழைப்பு அத்தகைய பள்ளிகளை ஒட்டி மக்கள் நாவில் வழங்கிய சொல். படித்த, தனித்து வாழும், தன் ஊதியத்தால் குடும்பம் தாங்கும் பெண்ணைக் கதைத் தலைவியாக்கி, அச்சொல்லையே படத்திற்குப் பெயராகவும் வைத்தமை 1955-இல் துணிவான செயல். அத்துணிவு இறுதிவரை நிலைத்திருக்கவேண்டும் என்று விழைவது மிகையாகாது.

சிறப்பு மணச் சட்டத்தின்கீழ் மணக்க விரும்புவோர் பதிவு அலுவலர்க்கு முன்னறிவிப்புக் கொடுத்து முப்பது நாள் காத்திருத்தல் வேண்டும். அவ்வறிவிப்பு அலுவலகத்தில் யாவரும் காணுமாறு ஒட்டப்படும். மேலூரிலும் திருமங்கலத்திலும் உசிலம்பட்டியிலும் இருந்து எம் வகுப்பிற்கு வரும் மாணவர்க்கு அம்முப்பது நாள் எத்துணை நீண்டது என்பது தெரியும். அடையாளம் ஒன்று வெளிப்பட்டுத் தடை தானே நீங்கும் என்று அவர்கள் எதிர்பார்த்தல் இயலாது. ஆகலின், அம்மாணவி எழுப்பிய வினா ஒரு பழைய படத்தைப் பற்றியது மட்டுமன்று.

முடிவுரை

மேற்கூறியவற்றைத் தொகுத்துக் கூறின்: நகையின் நிலைக்களன் நான்கையும் இடமறிந்து அமைத்தமை, இல்லாத பக்கத்தின்மேல் முக்கோணம் வரைந்து எவர்க்கும் இழப்பின்றி நகை விளைத்தமை, ஊடலை முன்வைத்து அதன் வழியே காதலைத் தோற்றுவித்தமை ஆகியவை இப்படங்களின் நிறைகள். சீதாவிற்கு உள்ளம் அளிக்காமை, டேவிடைக் கொண்டு தேர்வை எளிதாக்கியமை, பிறப்பு வெளிப்பாட்டால் வினாவை அகற்றியமை ஆகியவை குறைகள். நிறைகள் மிகுதி, அதனாலேயே இறுதிக் குறை பெரிதாகத் தோன்றுகின்றது. தகுதியற்ற படத்திடம் இத்தகைய வினாவை எவரும் எழுப்பார்.

மாணவியின் வினாவிற்கு இப்பொழுது எம் விடை இது: மேரி மேரியாகவே இருந்திருந்தாலும் அம்மணம் நடந்திருக்கும். அதற்கு வேண்டிய அனைத்தும் படத்தினுள் இருந்தன. அவள் ஊடியபோதே பாலுவிற்கு உரியவள் ஆகிவிட்டாள். பேணப்பட்டபோதே அவ்வீட்டிற்கு மகள் ஆகிவிட்டாள். அதன்பின் அவளுக்கு வேறொரு பெயரும் பிறப்பும் தேவையாயிருக்கவில்லை. படம் எடுத்தோர் தம் படைப்பின் வலிமையைத் தாமே நம்பவில்லை என்பதே இதன்கண் யாம் காணும் குறை.